மஸூதா அடித்த தகரம்

மாத்தளை ரயில் பாதையோரத்து அரிசி ஸ்டோர் அரிசிக்காகக் கட்டப்பட்டதல்ல. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கொக்கோ காயவைக்கக் கட்டியது. இடுப்பளவு கருங்கல் தூண்கள். அவற்றின் மேல் விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பதித்த பலகைத் தளம். கீழே புகும் காற்று பலகை இடுக்குகளால் ஏறி, கூரை முகட்டுத் திறப்பால் வெளியேறும். இரண்டாம் உலக யுத்தத்தில் அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் நாவுலைக்கும் லக்கலைக்கும் கூப்பனுக்குக் கொடுக்கும் பங்கீட்டு அரிசி அங்கிருந்துதான் லொறி ஏறியது.

அங்கே சாக்கு தைப்பவள் மஸூதா. புருஷன் மௌத்தான பிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் கோணி ஊசியை நம்பியே வளர்த்தாள். பலகை இடுக்கால் விழும் அரிசி சாக்கு தைப்பவளுக்கு என்பது அங்கே பழைய வழக்கம். சனிக்கிழமைகளில் தளத்துக்கடியில் தவழ்ந்து கூட்டி, சுளகில் புடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

எழுபத்து மூன்றில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. புதிதாக வந்த ஸ்டோர்கீப்பர் மஹ்ரூப், மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"கீழ விழட்டும்னுதானே ராத்தா, தையல தளர்த்தி விடுறீங்க?"

மஸூதாவுக்கு வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். அந்தக் காட்சியை அவருக்குக் காட்டுவானேன் என்று குனிந்து அடுத்த சாக்கைத் தைத்தாள். மறுநாள் மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டித் தட்டிக் கொண்டுவந்து, பலகை இடுக்குகளை மூடி ஆணி அடிக்கத் தொடங்கினாள். குற்றம் சொன்ன மஹ்ரூப் எந்த வாயால் வேண்டாமென்பார்?

"அக்கா, புள்ளைங்க சோத்துக்கு என்னா செய்வீங்க?" என்றான் நாட்டாமி நோபர்ட்.

"மரவள்ளி அவிப்பேன். கள்ளிங்கிற பேரோட சோறு எறங்காது."

தகரம் போட்ட பிறகு சிந்தின அரிசி மேலேயே கிடந்தது. எங்கே சிந்துகிறது என்று இப்போது குருடனுக்கும் தெரியும். நாட்டாமிமார் இரும்புக் கொக்கியால் குத்தித் தூக்கும் மூட்டை வயிற்றிலிருந்துதான் அத்தனையும் கொட்டியது. மஸூதா தைத்த வாய்ப்பக்கம் ஒரு மணி இல்லை. மஹ்ரூப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு உள்ளே போனார்.

மார்கழி மழை வந்தது. காற்று அடைபட்ட ஸ்டோரில் அடிமூட்டைகள் வேர்த்து, பூஞ்சண நாற்றம் எடுத்தன. கட்டடத்தின் மூச்சை அடைத்துவிட்டோம் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மஸூதா அடிமூட்டையில் கைவைத்துப் பார்த்தாள். ஊர் தின்கிற அரிசியல்லவா.

மஹ்ரூப் தணிந்த குரலில் வந்தார். "தகரத்த கழட்டணும் ராத்தா."

"நான் அடிச்ச ஆணிய நானே புடுங்குறேன் தம்பி. நீங்க சொன்ன சொல்ல நீங்க புடுங்குங்க. எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னீங்க."

மஹ்ரூப் நாட்டாமிமாரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ராத்தா தையல்ல பிழை இல்ல. நான் சொன்னதுதான் பிழை."

மஸூதா அதற்குப் பிறகே சுத்தியலை எடுத்தாள். கடைசி ஆணி கழன்றபோது பொழுது சாய்ந்திருந்தது. தளத்துக்கடியில் கூட்ட ஒன்றுமில்லை. வெறும் சுளகோடு வீட்டுக்குப் போனாள்.

"அரிசி எங்க உம்மா?" என்றாள் மூத்தவள்.

"இண்டைக்கும் மரவள்ளிதான். நாளைக்கு நோபர்ட் மூட்டையில கொக்கி போடுவான், அரிசி விழும்," என்று சொல்லிவிட்டு மஸூதா அடுப்பை மூட்டினாள்.