கம்பித் தழும்புள்ள குட்டி ஆலமரம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பொய். மூன்று வருடமாகச் சொல்லிவந்த பொய். தங்கை வசந்தி தை மாதம் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். வந்தால் மாட்டிக்கொள்வேன். அதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஐப்பசியில் ஒரு ஞாயிறு கிளம்பினேன். வசந்தி கோபப்பட்டால் கத்த மாட்டாள், பேசுவதை நிறுத்திவிடுவாள். ஒருமுறை எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அவள் வீட்டுக்காரர் பெயரை விட்டதற்கு ஒன்றரை வருடம் பேசவில்லை.

பொய் இதுதான். அப்பா விழுப்புரத்தில் லைன்மேன். சுவர் வெடிப்பிலிருந்து பிடுங்கிய இரண்டு ஆலங்கன்றுகளைத் தொட்டியில் வைத்து, முழ உயரத்துக்கு மேல் போகவிடாமல் இருபது வருடம் வளர்த்தார். கடைக்காரன் விற்கும் போன்சாய்க் கம்பியெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. வேலையில் மிஞ்சும் அலுமினியக் கம்பித் துண்டைத் தண்டில் சுற்றித்தான் வளைப்பார். ஒரு வருடம் புயல் வந்து, கம்பம் நட மூன்று வாரம் வீடு தங்காமல் போய்விட்டார். திரும்புவதற்குள் தண்டு பருத்து, கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. கழற்றியபோது என் மரத்தில் மூன்று சுற்று, வசந்தி மரத்தில் இரண்டு சுற்று தழும்பு. "அதுங்களுக்கும் புயல் அடிச்சிருக்கு" என்றார். பிறகு அந்தத் தழும்பைத் தடவாமல் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை.

அப்பா போனபின் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் ஏற்றும்போது என் மரத்தின் கிளை ஒன்று கதவில் இடித்ததால் வெட்டிப் போட்டோம். நான் அதைக் கொண்டுபோய் ஏசி அறையில் டிவி பக்கத்தில் அழகாக வைத்தேன். இருபதே நாளில் இலையெல்லாம் கொட்டி, செத்துப்போனது. சொல்லத் தைரியமில்லை. நர்சரியில் அதே உயரத்தில் ஒன்று வாங்கி, அதே தொட்டியில் நட்டு, பொங்கலுக்குப் பொங்கல் போட்டோ அனுப்பினேன். வசந்தி கட்டைவிரல் படம் அனுப்புவாள்.

காலை 6.20க்குத் தாம்பரத்தில் பாசஞ்சர். டிக்கெட் 45 ரூபாய். எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் இரண்டு நிமிடம் நின்றது. வசந்தி வீட்டுக்குப் போக நான் இறங்க வேண்டிய இடம் அதுதான். இறங்கவில்லை. டிக்கெட்டை விழுப்புரத்துக்கு எடுத்ததே, சொல்வதற்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்றுதான்.

விழுப்புரம் 8.45. பஸ் ஸ்டாண்டு அருகே நாலு இட்லியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னியும் 50 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு, அப்பாவோடு நாங்கள் இருந்த பழைய குவார்ட்டர்ஸ் வரை நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர். வீட்டுக்கு வேறு வண்ணம் அடித்திருக்கிறார்கள். பின்சுவர் வெடிப்பில் இப்போதும் ஒரு ஆலங்கன்று நான்கு இலையோடு நின்றது. அப்பா குந்தி உட்கார்ந்து பல் குச்சியால் வேரைச் சுற்றி மண் கிளறும் முதுகு கண்ணில் வந்தது. அழுகை வந்தது, அங்கேயே நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

10.15க்குத் திண்டிவனம் பஸ். 38 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 40 ரூபாய். அங்கிருந்து ஒலக்கூர் பக்கம் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ 120. ஓட்டுநரிடம் வழி சொல்ல ஆரம்பித்தேன்.

"குட்டி மரத்து வூடா சார்? தெரியும், குந்துங்க. எங்க வூட்டம்மாவுக்கு அத்த பாத்தாலே பேஜாரு. வளர்ற மரத்த வளரவுடாம வெட்டிக்கினே இருக்காங்களே, பாவம் இல்லியான்னு கேக்கும்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"எனக்கென்ன சார். பாக்க ஜோரா கீது. சவாரியும் வருது."

வசந்தியின் வீட்டுப் பின்கட்டைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். நேரில் வேறு. குவாரியில் கழித்த கற்களை இடுப்புயரக் குன்றாக அடுக்கி, சரளைக்கல்லால் ஓடை விட்டு, சரிவெங்கும் குட்டி மரங்கள். புளி, இலந்தை, வேம்பு, உச்சியில் அவளுடைய ஆல். எல்லாம் மண்ணில் முளைத்தது போலத் தெரியும், ஆனால் ஒவ்வொன்றும் தொட்டியோடு விளிம்புவரை புதைந்திருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடித்துளை வழியே வேர் நிலத்துக்குள் ஓடி, மரம் பெரிதாகிவிடும். பார்க்க வெளியாட்களும் வருகிறார்கள், கேட்டால் வசந்தி கன்றும் விற்கிறாள்.

காபி குடித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "வசந்தி, அப்பா குடுத்த மரம் செத்துப்போச்சு. போட்டோவுல இருக்கறது வேற."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியும்ணா. மொத பொங்கலுக்கே தெரியும்."

"எப்படி?"

"தண்டு வழவழன்னு இருந்துது. மூணு சுத்து எங்க போச்சு?"

தழும்பைப் போய் மறந்திருக்கிறேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கோணம் பார்த்துப் போட்டோ எடுத்தவன். "ஏன் கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன். கோவம்தான். ரெண்டு வாட்டி உனக்குப் போன் போட எடுத்துட்டு வெச்சிட்டேன்." எழுந்தாள். "வா, ஒண்ணு காட்றேன்."

குன்றின் கிழக்குச் சரிவில், கல்லுக்குப் பின்னால் ஒரு ஆல். சாண் உயரம். விழுது விட ஆரம்பித்திருந்தது.

"பஸ்ஸாண்ட வெட்டிப் போட்டோமே ஒரு கிளை, அதாண்டா இது. பையில போட்டுக்கினு வந்து நட்டேன். உன் மரம்தான்."

அவள் அண்ணனான என்னை 'டா' போட்டதைக்கூடக் கவனிக்காமல் அந்தச் சின்னத் தண்டைத் தடவிக்கொண்டு நின்றேன். எடுத்துப்போகட்டுமா என்று கேட்டேன்.

"அதுக்குள்ளவா? திரும்ப டிவி பக்கத்துல வெச்சி சாவடிக்கவா? இங்கியே இருக்கட்டும். ஆனா இனிமே இந்தத் தொட்டிய நான் திருப்ப மாட்டேன். நீ வந்து திருப்பு."

குனிந்து திருப்பினேன். அடியில் வேர் அறுபடும் சத்தம் கேட்டுக் கையை எடுத்துவிட்டேன். "பயப்படாத, ஆலு அது, சாவாது" என்றாள். என்னிடம் செத்ததே என்றேன். "அது மரத்து மேல தப்பில்ல" என்று சிரித்தாள்.

போகிறவர்களுக்கு: திண்டிவனத்திலேயே இறங்குங்கள், என்னைப் போல விழுப்புரம் சுற்ற வேண்டாம். பத்து மணிக்குள் போனால் வெயிலைத் தாங்கலாம். கன்று வாங்கினால் வெளியில் வையுங்கள். ஆல், அரசு எல்லாம் வெயிலும் மழையும் கேட்பவை. கம்பி சுற்றினால் மாதம் ஒருமுறை பாருங்கள். தொட்டியைப் புதைத்தால் திருப்ப மறக்காதீர்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக, நான் இதுவரை ஐந்து முறை போய்விட்டேன். 6.20 வண்டி, 8 மணிக்குத் திண்டிவனம், தொட்டிக்குக் கால் சுற்று, சாப்பாடு, 3 மணி பஸ். அப்பா இருந்தபோது நானும் வசந்தியும் வருடத்துக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டால் அதிகம்.