நிக்க வேண்டிய குத்து

காலையில கராத்தே, சாயங்காலம் பாக்ஸிங். நாப்பதுக்கு மேல இவளுக்கு இதெல்லாம் தேவையான்னு எங்க சொந்தத்துல பேசாத வாய் இல்ல. பேசட்டும். எனக்கு இருந்த பயமே வேறைங்க.

கராத்தேக்கு நானும் எங்கூட்டுக்காரரும் ஒண்ணாத்தான் போவோம். கோயமுத்தூர் கணபதியில ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடி. லேத் பட்டறையில இரும்புச் சுருள் தெறிச்சு அவருக்கு இடது கண்ணு போய்ப் பல வருஷமாச்சு; இன்னும் அதே பட்டறைதான். மிச்சம் இருக்கறது வலது கண்ணு ஒண்ணுதான். எங்க வகுப்புல கையுறை கெடையாது. முகத்துக்கு விடற குத்து தோலைத் தொடாம முன்னாடியே நிக்கணும். அந்த தைரியத்துலதான் அவரும் சேந்தாரு.

பாக்ஸிங் நேர் எதிர். காந்திபுரம் பஸ்ல ஒருத்தன் வேணும்னே இடிச்சப்ப, என் கை பழக்கதோஷத்துல அவன் மூஞ்சிக்கு முன்னாடி போய் அழகா நின்னுருச்சு. அவன் சிரிச்சுட்டு எறங்கிப் போனான். அந்த வயித்தெரிச்சல்ல சிங்காநல்லூர்ல போய்ச் சேந்தது. அங்க தொங்கற குத்துப் பையைக் காட்டிக் கோச்சுக்குத் தினமும் ஒரே பாட்டு: "அக்கா, பையைத் தாண்டிக் குத்துங்க." தாண்டிக் குத்தப் பழகிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் கராத்தேயில, எதிர்ல ஜோடியா நின்ன ஒரு ஸ்கூல் டீச்சரம்மா உதட்டுல என் கை நிக்காமப் போய் விழுந்துருச்சு. ரத்தம். பரவால்லைங்கன்னு அவங்க தொடைச்சுக்கிட்டாங்க. அடுத்த வாரம் பெல்ட் பரிட்சை. அதுல எனக்கு ஜோடி எங்கூட்டுக்காரர்.

ஜோடியை மாத்தச் சொல்லலாம்னேன். ஒத்தைக் கண்ணன்னு பாவம் பாத்து விலகறதா எல்லாரும் நெனைப்பாங்கன்னு அவருக்குக் கோவம் வந்துருச்சு. பாக்ஸிங் போறதை நிறுத்தினேன். நான் நிறுத்தினா கை மறந்துருமா? தோசை வெக்கறப்பகூட அவரோட அந்த ஒரு கண்ணையே பாத்துட்டு நிப்பேன். "உன் கை எனக்குத் தெரியாதா அம்மணி"ன்னு சொல்லிப்போட்டு அவர் தூங்கிட்டாரு. எனக்கு எங்க தூக்கம்.

பரிட்சை அன்னிக்கு மாஸ்டர் ஆரம்பிக்கச் சொன்னதும் குனிஞ்சு வணங்கிட்டு எறங்கினோம். ரெண்டு உதை, ஒரு தடுப்பு. அவர் கை கொஞ்சம் எறங்குச்சு. பாக்ஸிங்ல பழகின என் இடது கை, என்னைக் கேக்காமக் கெளம்பிருச்சு. நேரா அந்த வலது கண்ணுக்கு. ஐயோ ஐயோன்னு மனசு அடிச்சுக்குது, கை போகுது.

நின்னுச்சு. அவர் இமை முடி என் விரல் முட்டியில பட்டுச்சு. எனக்கு உசுரு போய் வந்துச்சு.

எல்லாரும் கை தட்டினாங்க. குத்து கண்ணுகிட்ட வந்தும் இமைக்காம நின்னதுக்கு மாஸ்டர் அவரைத்தான் புகழ்ந்தாரு. எனக்கும் பெருமை தாங்கல. மாடிப்படி எறங்கறப்ப, ஏனுங்க, அவ்ளோ கிட்ட வந்தும் எப்படி இமைக்காம நின்னீங்கன்னு கேட்டேன்.

அவர் சுவத்தைத் தடவிக்கிட்டே எறங்கிட்டு இருந்தாரு. அதை அன்னிக்குத்தான் கவனிச்சேன்.

"கிட்ட வந்துச்சா? எனக்குத் தெரியலையே அம்மணி."

கொஞ்ச மாசமாவே இந்தக் கண்ணும் மங்கலாத்தான் இருக்குதுன்னு மெதுவாச் சொன்னாரு. அப்படின்னா இத்தனை நாள் லேத்து முன்னாடி எப்படி நின்னாருன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அந்த இடது கையை நீட்டினேன். அதைப் புடிச்சுக்கிட்டு மிச்சப் படியை எறங்கினாரு.