புழுதிக்குள் இருப்பது படத்தில் வராது

கடலுக்குள் காற்றாலை நடப்போகிறார்கள் என்றால், எம்.ரெட்டியபட்டியில் தங்கச்செல்விக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயம். அவளுடைய மாமனார் சீனிச்சாமியும் அதைத்தான் கேட்டார். கடலில் பிறக்கிற மின்சாரம் கரையேறிக் கம்பியில் வடக்கே போக வேண்டும். கம்பிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தை ட்ரோன் விட்டுப் படமெடுப்பது தன் வேலை என்று விளக்கினாள்.

"அப்ப கடலு நம்ம காட்டு வழியாப் போகுதுன்னு சொல்லு" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். பிறகு அதுதான் நடந்தது.

தங்கச்செல்வி மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டப் பயின்று உரிமம் வாங்கியவள். உள்ளூர்க்காரி, எந்தக் காடு யாருடையது என்று தெரியும் என்பதற்காகவே கம்பெனி அவளை எடுத்தது. காற்றாலைக்கான வேலைதான்; ஆனால் காற்றடித்தால் நடக்காது. அதனால் காலை ஒன்பதுக்குள் பறக்கவிட்டு, இறக்கி, ஒவ்வொரு நிலத்துக்கும் 'பயிர்' அல்லது 'வெற்று நிலம்' என்று டேப்லெட்டில் குறிக்க வேண்டும். மூன்றாவது கட்டம் கிடையாது.

அந்த இல்லாத மூன்றாவது கட்டத்தில்தான் சீனிச்சாமியின் ஒன்றரை ஏக்கர் இருந்தது. புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதி விதைப்பாகக் குதிரைவாலி போட்டிருந்தார். விதை மண்ணுக்குள், மழை வானத்துக்குள். நடுவில் பறக்கும் ட்ரோனுக்கு இரண்டுமே தெரியாது. படத்தில் வெறும் கரிசல். வரைபடத்தில் கோபுரத்தின் நான்கு கால்களும் அந்தக் காட்டின் நடுவே நின்றன. பயிர் இருந்தால் கோபுரம் பக்கத்தில் அழகுத்தாயின் கருவேலங்காட்டுக்கு நகரும். வெற்று நிலமென்றால் அங்கேயே. கிராமக் கணக்கைக் காட்டலாமென்றால், அதிலும் முளைத்த பிறகுதான் பயிர் ஏறும்.

மேற்பார்வையாளர் ஆனந்தகுமார் சென்னையிலிருந்து பேசினார்.

"மேடம், படத்துல மண்ணுதானே இருக்கு?"

"வெதச்சிருக்கு சார். மழை பேஞ்சா பத்து நாள்ல பச்சை தெரியும்."

"மழை எப்பப் பெய்யும்?"

"அது தெரிஞ்சா நாங்க ஏன் சார் புழுதியில வெதைக்கிறோம்?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்க வார்த்தையை மட்டும் வச்சு நான் ஏத்த முடியாது. ஒரு எடத்துல தோண்டி, விதையைப் படமெடுத்து அனுப்புங்க" என்றார்.

நியாயமான யோசனை. சீனிச்சாமியிடம் போய்ச் சொன்னாள்.

"வெதச்சதத் தோண்டிப் பாக்கக் கூடாது தாயி. வவுத்துப் பிள்ளைய யாராச்சும் தோண்டிப் பாப்பாகளா?"

"ஸ்கேன் எடுத்துப் பாக்குறாகள்ல மாமா?"

"அதான் ஒன் மிஷினு இருக்குல்ல. எடு."

அவருக்குத் தெரியாமல் தோண்டலாம். ஆனால் மழை தவறினால், அந்த வருடத்து வறட்சி முழுவதும் அவள் தலையில் விடியும். மழை என்ன, காரணம் பார்த்தா தவறுகிறது இங்கே?

உறவுமுறையை மறைத்து 'பயிர்' என்று போட்டுவிடலாம். அதற்கும் வழியில்லாமல் அழகுத்தாய் காலையிலேயே வரப்பில் வந்து நின்றாள். "ஏத்தா, மாமனார் காட்டத் தாண்டி எங்க காட்டுல கம்பத்த நட்டுப் பாரு. வானத்துல சுத்துற ஒன் தட்டானக் கவண்கல்லு வச்சே எறக்கிருவேன்."

ஆக, டேப்லெட்டில் 'நில உரிமையாளர் உங்கள் உறவினரா?' என்ற கேள்விக்குத் தங்கச்செல்வி 'ஆம்' என்று தொட்டாள். உடனே அந்த நிலம் அவள் திரையில் பூட்டிக்கொண்டது. வேறொருவர் வந்து பார்ப்பார். அவர் வேலை முடியும்வரை அவள் கருத்துச் சொல்லக் கூடாது. நேர்மைக்குக் கம்பெனி கொடுத்த பரிசு, வாய்ப்பூட்டு.

வந்தவர் இம்மானுவேல், தூத்துக்குடிக்காரர். இதே திட்டத்துக்குப் படகில் போய்க் கடலடியை அளந்தவர். வழி காட்ட ஆள் வேண்டுமென்று கம்பெனி தங்கச்செல்வியையே கூட அனுப்பியது.

மழை இன்னும் வரவில்லை. ட்ரோன் ஏறி இறங்கியது. இம்மானுவேல் திரையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதுல என்னக்கா போட?"

"நான் சொல்லக் கூடாதுங்க."

"வெதச்சிருக்கு தம்பி" என்றார் சீனிச்சாமி.

"தெரியலையேய்யா. கடல்ல பத்து ஆள் ஆழத்துல, சகதிக்குள்ள கெடக்குற கல்லயே நாங்க ஒலி அனுப்பிக் கண்டுபிடிச்சிருவோம். இங்க ஒரு விரக்கடைக்குக் கீழ பாக்க வழியில்ல. தோண்டிப் பாத்துக்கிடட்டுமா?"

"அது மட்டும் வேண்டாம்."

சீனிச்சாமி மருமகளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல், நீயும் பார்த்தாய்தானே என்பதுபோல. விதைத்த அன்று கூடவே நடந்தவள் அவள். அவரைத் தவிர ஊரில் அதை நிச்சயமாக அறிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்லத் தடையுள்ளவளும் அவள் ஒருத்திதான். அவள் ட்ரோன் பெட்டியின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

இம்மானுவேல் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு 'வெற்று நிலம்' என்பதைத் தொட்டார். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி விழுந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டை நோக்கிக் குறுக்கே காலெடுத்து வைத்தவரைச் சீனிச்சாமி தடுத்தார்.

"மிதிக்காமப் போங்க தம்பி. வெதச்ச காடு."

"மன்னிச்சுக்கோங்கய்யா" என்று இம்மானுவேல் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்தார். வெற்று நிலத்தைச் சுற்றி, வரப்பில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்தார். தங்கச்செல்வி அவர் பின்னாலேயே போனாள்.