என் குரல் இறங்கியது, அவர் குரல் கிழிந்தது

மன்னித்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற உத்தேசமும் இல்லை. படிப்பு எனக்கு மூன்றாவதோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும். அவசரம் உள்ளவர்கள் போய்விட்டு அப்புறம் வந்து படிக்கலாம்.

பகலில் விருத்தாசலத்து செராமிக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. காய்ந்த பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து விளிம்பைச் சரிசெய்ய வேண்டும். சாயங்காலமானால் ஆர்க்கெஸ்ட்ராவில் பாட்டு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் எங்கள் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். குழுவை நடத்தியவரே அதில் பாடவும் செய்தார். கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முடியைத் தோள்வரை தொங்கவிட்டு, குரலில் மேலே மேலே ஏறி அலறுவார். நோட்டீசில் ராக் பாடகர் என்று போட்டுக்கொள்வார். அவருக்குச் சமமாக ஏற நான் ஒருத்திதான் இருந்தேன்.

எங்களுக்கென்று ஒரு ஜோடிப் பாட்டு உண்டு. சினிமாப் பாட்டுதான். வழக்கமாக ஜோடிப் பாட்டில் ஆண் கீழே நிற்பான், பெண் மேலே நிற்பாள். இதில் அப்படிக் கிடையாது. இரண்டு பேரும் மாறி மாறி ஒரே உயரத்தில் பாட வேண்டும். கடைசி அடியில் சேர்ந்து உச்சிக்குப் போவோம். அதைக் கேட்பதற்காகவே டிராக்டரில் ஆள் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

மாதவிலக்கு நின்ற வருஷம் என் குரல் இறங்கியது. பெண்களுக்கு அப்படி ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. உச்சிக்குப் போனால் குரல் இருந்த இடத்தில் வெறும் காற்று வந்தது. சுருதியை நாங்கள் கட்டை என்று சொல்வோம். கீபோர்டு வாசித்த தம்பியிடம் தனியாகப் போய், "ஒரு கட்ட எறக்கிப் போடுப்பா" என்றேன். எல்லாப் பாடகர்களும் கேட்பதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. அவனும் சரி என்றான்.

பெண்ணாடத்தில் மேடை. பாட்டு தொடங்கும் முன்னால் அவர் மைக்கைப் பிடித்தார்.

"அக்காவுக்கு வயசாயிட்டுதாம். பாட்ட எறக்கிப் போடச் சொல்லுது. எறக்கவா, ஏத்தவா? நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைவிட மூத்தவர். என்னை அக்கா என்றார்.

ஏத்து, ஏத்து என்று கூட்டம் கத்தியது. கரும்பு வெட்டிவிட்டு வந்த ஆட்கள் துண்டைச் சுழற்றினார்கள். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினான். பழைய இடத்துக்கும் மேலே ஒரு கட்டை. அவர் அந்த உயரத்துக்கும் போனார், இல்லை என்று சொல்லமாட்டேன். என் குரல் பாதியில் உடைந்தது. விசில் அடித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க ஊரு ஜாடியில வெரிசல் இருந்தா, தட்டுனாலே தெரிஞ்சிடுங்க" என்றார்.

அடுத்த திருவிழாவுக்கு ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துவிட்டார். எனக்குச் சொல்லியனுப்பவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். குழுவின் வேன் என் தெரு வழியாகத்தான் போயிற்று. நிற்கவில்லை.

அவர் குரல் போவதை உயிரோடு இருந்து பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன். குரல் எல்லோருக்கும் மாறும். அலறுகிறவனுக்குச் சீக்கிரமே கிழியும். காத்திருக்க எனக்குத் தெரியும்.

கம்பெனியில் மண்ணரைக்கிற உருளை நாள் பூராவும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு சுற்றும். ஒருநாள் பொம்மை துடைத்துக்கொண்டே அதோடு சேர்ந்து முனகினேன். குரல் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே மூடிக்கொண்ட கதவு கீழே திறந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் அந்த மிஷினோடு பாடினேன். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று இறங்கிப் பார்த்தேன்.

"என்னாடி இது, பின்னால எவனோ ஆம்பள பாடறான்னு நெனச்சன்" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"ஆம்பளதான். ஒனக்கு வேணுமா?" என்பேன்.

கீபோர்டு தம்பி தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்கு வருவான். செய்த காரியம் அவனை உறுத்தியிருக்கும். வந்தால் செய்தி கொண்டுவருவான். "அண்ணன் அரைக் கட்ட எறக்கிட்டாருக்கா. வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு." இன்னொரு வருஷம் இன்னும் அரை. அதற்கப்புறம் வந்தபோது, "ஒசந்த எடம் வந்தா மைக்க கூட்டத்துப் பக்கம் நீட்டிடறாருக்கா. சனங்களே பாடிடுது" என்றான். அன்று அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன்.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு முன்னால் அவரே வந்தார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. மருமகள்தான் நாற்காலி போட்டாள்.

"அந்த ஜோடிப் பாட்டு இல்லன்னா வேற குழுவ வச்சிக்கிறோம்னு விழாக்காரங்க சொல்லிட்டாங்க தங்கச்சி. நம்ம ஊரு திருவிழாவுலயே நான் இல்லன்னா எப்படி?"

"பாட வேண்டியதுதான? சின்னப் புள்ளைங்கதான் இருக்குதுங்களே."

"அதுங்களுக்குக் கீழ எறங்க முடியல. என் கட்டைக்கு வந்தா காத்துதான் வருது. ஒனக்குத்தான் அடிக்குரலு இருக்குதுன்னு தம்பி சொன்னான்."

அவர் இறங்கி இறங்கி வந்து நின்ற இடத்தில் இளங்குரல் எதுவும் நிற்க முடியவில்லை. வயசான நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன்.

"மேடையில அக்கா. வூட்டுக்கு வந்தா தங்கச்சியா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, பாடிக் காட்டுங்க" என்றேன்.

"இங்கியா?"

"யாரோட பாடப் போறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

தம்பி செல்போனில் சுருதி வைத்தான். அவர் பாடினார். முதல் இரண்டு அடி நன்றாகத்தான் இருந்தது. மேலே ஏற ஏறத் தொண்டை பிசிறியது. உச்சி வந்ததும் பழக்கத்தில் கையை எங்கள் பக்கம் நீட்டினார். கையில் மைக் இல்லை. நாங்கள் யாரும் பாடவில்லை.

கை அப்படியே நின்றது. பிறகு கீரையை ஆய்ந்துகொண்டே அவருடைய அடியை அதே கட்டையில் நான் பாடினேன். உச்சி வரைக்கும் பாடினேன்.

"நான் வரேன். ஒங்க அடியையும் நானே பாடிக்கிறேன். அந்தப் பாட்டுக்கு நீங்க மேடையில இருக்கக் கூடாது."

"அது என் குழு."

"அப்ப நீங்களே பாடிக்குங்க."

கீரையைத் தொடர்ந்தேன். கட்டு முழுதும் ஆய்ந்து முடிகிற வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

திருவிழாவில் தம்பியிடம் கட்டையை நான்தான் சொன்னேன், அவருடையதைவிட அரைக் கட்டை மேலே. ஆண் அடி, பெண் அடி இரண்டையும் பாடினேன். கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் உட்கார்ந்து கேட்டது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்குமே என்று மருமகள் பிற்பாடு கேட்டாள். இல்லை. பாடும்போது ஒரு தடவை திரும்பி அவரைத் தேடினேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று என்னோடு சேர்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் கடைசி அடிக்குப் போனேன். தனியாகப் போனேன்.

இறங்கி வந்ததும் கிட்டே வந்தார். "அடுத்த வாட்டி கடைசி அடி மட்டுமாவது சேந்து பாடட்டுமா?"

"கொரலு வந்தா சொல்லியனுப்புங்க" என்றேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, மருமகள் வைத்திருந்த குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.