சோற்றுக்கடை வைத்த கோடாலிக்காரன்

ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் போட்டால் மட்டும் நான் சண்டை போடுவேன். மற்ற நாள் எதைப் போட்டாலும் போவேன். மறைமலை நகரில் கார்க் கதவுக்குத் தகடு அழுத்துகிற கம்பெனி. சூப்பர்வைசர் கேட்பார், "ஞாயித்துக்கெழம இன்னாய்யா, சர்ச்சா?" இல்லை என்பேன். மேலே சொல்லமாட்டேன். விளையாட்டு என்று சொன்னால் கிரிக்கெட் என்று நினைப்பார்.

விளையாட்டு சிட்லபாக்கத்தில். ஒரு கணக்கு வாத்தியார் வீட்டு மாடி அறை. அவர்தான் நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் சார். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, வேட்டியோடு உட்கார்வார். மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். சார் கதை சொல்வார். காடு, கோட்டை, பூதம். கதைக்குள் எங்களுக்குத் தலைக்கு ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்லவேண்டும். நடக்குமா நடக்காதா என்று இருபது முகப் பகடை சொல்லும். எந்த ஆளால் என்னென்ன முடியும் என்பதற்கு ரூல் புக் இருக்கிறது. கெட்டி அட்டை, வழவழத் தாள், எல்லாம் இங்கிலீஷ்.

நான் பத்தாவதோடு நின்றவன். அந்தப் புத்தகத்தை எனக்குப் படித்துச் சொன்னவன் என் தெருக்காரன். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவன் காலேஜுக்குப் போனான். இப்போது சிறுசேரியில் வேலை. என்னை அந்த மேசைக்குக் கூட்டிப்போனதே அவன்தான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சொன்னான். டீக்கடைக்காரர் எங்களை எல்.ஐ.சி. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் என்று நினைத்திருந்தார்.

இரண்டு பேரும் அண்ணன் தம்பியாக ஆள் போட்டோம். அவன் அண்ணன், கோடாலிக்காரன். நான் தம்பி, கேடயக்காரன். கேடயக்காரனுக்கு ஒரு வேலை உண்டு. பக்கத்தில் நிற்கிறவன் மேல் விழுகிற அடியைத் தான் வாங்கிக்கொள்ளலாம். "நான் வாங்கிக்கறேன்" என்று சொன்னால் போதும். எனக்கு அது பிடித்துவிட்டது. வேறு எதையும் படிக்கத் தேவையில்லை.

கோடாலிக்காரன் முன்னால் ஓடுவான், கத்துவான், கதவை உடைப்பான். அவன் மேல் விழுவதை நான் வாங்குவேன். வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓடியது.

பிறகு புத்தகங்கள் வர ஆரம்பித்தன.

ஒரு ரூல் புக்கோடு முடியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புதிது புதிதாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றிலும் புதுசாக ஆட்கள். நிழலுக்குள் நுழைகிறவன். பாட்டுப் பாடி ஆளைத் தூங்கவைக்கிறவன். இறக்கை உள்ளவன். புத்தகம் வந்த வாரமே மேசையில் ஆள் மாறும். பாங்க்கில் வேலை செய்கிற ஒருவர் எங்களோடு விளையாடுகிறார். அவர் மாற்றுகிற வேகத்தில் அவருடைய ஆள் இப்போது யார் என்று கேட்டுவிட்டுத்தான் பேசவேண்டும்.

"உங்க ஆளுங்களுக்கே ஊர்ல தனித் தெரு போட்டிருக்கேன்," என்பார் சார்.

"குடிநீர் கனெக்‌ஷன் குடுத்துட்டீங்களா சார்?" என்பார் அவர்.

அது எங்கள் மேசை வழக்கம். விட்ட ஆள் சாகக்கூடாது, காணாமலும் போகக்கூடாது. ஆற்றங்கரையில் சார் ஒரு ஊர் வைத்திருக்கிறார். விட்டவர்கள் எல்லாம் அங்கே போய் ஏதாவது ஒரு பிழைப்புப் பார்ப்பார்கள். படகு விடுகிறவன், மாடு தரகு பார்க்கிறவன், கோயிலில் மணி அடிக்கிறவன். அதற்குப் பிறகு அவர்கள் ஊருக்குச் சொந்தம். சார்தான் அவர்களுக்குப் பேசுவார். போகும்போது கையில் இருக்கிற ஒரு சாமானை, கூட வந்தவர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அதுவும் வழக்கம்.

நான் மாற்றவில்லை. மாற்றத் தெரியாது என்பது பாதி. மாற்றினால் அண்ணன் தம்பி போய்விடும் என்பது மீதி. அவனும் மாற்றமாட்டான் என்று நினைத்திருந்தேன்.

நாவலூரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவன் ஆபீஸ்தான். நல்ல பெண். என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். எனக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை. பொறாமை. வேறு பெயர் வைக்கவேண்டாம்.

அவள் வந்த கொஞ்ச நாளில் ஒரு புத்தகம் வந்தது. ஒரே நெருப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிற மந்திரக்காரர்கள் அதில் இருந்தார்கள். இரட்டையர் மாதிரி. ஒருத்தர் கையை நீட்டினால் இன்னொருத்தர் கையில் நெருப்பு வரும். அவளும் அவனும் பைக்கில் வந்து இறங்கும்போதே புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே படி ஏறினார்கள். சார் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாடியில் உட்கார்ந்து அவன் அவளுக்குப் படித்துச் சொன்னான். விரலை வைத்து, வரி வரியாக.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்குத்தான் தெரியாது. இருந்தும் அவளுக்குப் படித்துச் சொன்னான்.

"மச்சான், நான் ஆள மாத்தறேன்," என்றான் என்னிடம்.

"ஏன்?"

"கோடாலிக்காரன் போர் அடிச்சுட்டான்டா. ஒரே மாதிரி. ஓடு, வெட்டு, ஓடு, வெட்டு."

"தம்பி?"

"தம்பி இருக்கட்டுமே. அவன் பாட்டுக்கு இருப்பான்."

சார் கோடாலிக்காரனை ஊருக்கு அனுப்பினார். ஆற்றங்கரையில் சோற்றுக்கடை வைத்துவிட்டான் என்றார். கிளம்பும்போது சாமான் கொடுக்கவேண்டுமே. அவனிடம் இருந்தது கோடாலி ஒன்றுதான். எங்கள் இரண்டு பேருக்கும் அப்பா விட்டுப்போன கோடாலி. டீக்கடையில் உட்கார்ந்து நாங்களே யோசித்து வைத்த கதை அது. நான் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குக் கொடுத்தான்.

"உனக்குத் தோதுப்படாது மச்சான். உன் கையில கேடயம் கீதுல்ல? அவளுக்குத்தான் ஒரு கை சும்மா இருக்கு. ரூல் அப்படி."

"சரி," என்றேன்.

"கோச்சுக்கிட்டியா?"

"இல்ல."

அவள் தன் ஆளின் விவரம் வைத்திருக்கிற தாளில் எழுதிக்கொண்டாள். 'கோடாலி' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு படமும் போட்டாள். அழகாகத்தான் போட்டாள்.

அடுத்த மாதங்களில் நான் யார் பக்கத்தில் நிற்கிறேன் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. நெருப்பு இங்கே வந்தது, அங்கே போனது. அவர்கள் சிரித்தார்கள். பெருங்களத்தூர் தாண்டி கம்பெனி பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அதே ஓடும். அவர்கள் இரண்டு பேரும் வாரம் முழுக்க ஒரே ஆபீஸில் இருக்கிறார்கள். காண்டீனில் பேசுவார்கள். எனக்கு ஞாயிறு ஒன்றுதான். அதையும் அவளோடு பங்கு போடவேண்டியிருந்தது.

அந்தக் குகைக்கு வருகிறேன்.

கல்பூதம் ஒன்று. சார் நன்றாக எழுந்து நின்று காட்டுவார், கையைத் தூக்கி. பாங்க்காரர் ஏற்கெனவே விழுந்து கிடந்தார். அவள் குகைக்கு வெளியே மாட்டிக்கொண்டாள். என் கேடயக்காரன் உடம்பில் பலம் கொஞ்சம்தான் மீதி. பூதம் என் தெருக்காரனின் மந்திரக்காரன் மேல் திரும்பியது. மந்திரக்காரர்கள் ஒல்லிப்பிச்சான்கள். ஒரு அடி தாங்கமாட்டார்கள்.

சார் பகடையை உருட்டினார். பெரிய எண்.

"அடி விழுது," என்றார்.

அவள் தன் தாளைப் பார்த்தாள். அவளால் எதுவும் செய்யமுடியாது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒன்று நிமிர்ந்தது. நெருப்பைப் பங்கு போடலாம். அடியை யார் பங்கு போடுவது? அவன் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"நான் வாங்கிக்கறேன்," என்றேன்.

சார் கையைக் கீழே இறக்கினார். "யோசிச்சு சொல்லுப்பா. உன்கிட்ட மீதி ஒண்ணும் இல்ல. செத்தா செத்ததுதான். ஊருக்கெல்லாம் போகமுடியாது."

"வாங்கிக்கறேன் சார்."

செத்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. சார் ஒரு வரியில் சொன்னார். கேடயம் இரண்டாகப் போனது, அவன் எழுந்திருக்கவில்லை.

பாங்க்காரர் "ப்ச்" என்றார். அவள் வாயில் கை வைத்தாள். நான் தெருக்காரனைப் பார்த்தேன்.

"டேய், லூசாடா நீ?" என்றான். "இவன அடுத்த வாரம் மாத்தப்போறேன்டா. புது புக்கு வந்துடுச்சு. சொல்லலாம்னு இருந்தேன். விட்டிருக்கலாம்ல, செத்துத் தொலையட்டும்னு?"

பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"பரவால்ல, உனக்கும் நல்லதாப் போச்சு. எத்தினி வருஷமா ஒரே ஆளோட பேஜார் பண்ணிகினு இருந்த. இதுல பாரு, சூப்பரா ஆளுங்க இருக்காங்க. அனுப்பறேன்."

"அனுப்பு," என்றேன்.

அனுப்பினான். போனில் படங்களைப் பார்த்தேன். எழுத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். கடல் ஆள், எலும்பு ஆள், கண்ணாடி ஆள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தேன், வீட்டில் சாப்பிடும்போது பார்த்தேன். என் பெண்சாதி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இது, உன் சூப்பர்வைசரா?" என்றாள். எலும்பு ஆளைத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதில் ஒருவனும் எனக்கு ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு போனேன். அவனும் அவளும் முன்னாடியே வந்து கடல் ஆட்கள் இரண்டு பேரைத் தயார் பண்ணி வைத்திருந்தார்கள். இந்தத் தடவையும் ஜோடி. வேண்டாம் என்று விட்ட மந்திரக்காரர்கள் இரண்டு பேரையும் சார் ஊரில் பாய் நெய்ய வைத்துவிட்டார்.

"உன் ஆள் யாருப்பா?" என்று சார் என்னைக் கேட்டார்.

"ஊர்ல சோத்துக்கடை வச்சிருக்கானே, அவன் வேணும் சார்."

சாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. என் தெருக்காரனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அது என் ஆளுடா," என்றான்.

"உட்டுட்டியே."

"உட்டா? நான் போட்ட ஆளு மச்சான் அது. எல்லாம் நான் எழுதினது."

"போர் அடிக்குதுன்னு சொன்ன."

"சொன்னேன்தான். அதுக்குன்னு நீ எடுத்துக்குவியா? சார், சொல்லுங்க சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஒரு பென்சிலுக்குச் சண்டை போட்டால் இப்படித்தான் துடைப்பார் போல.

"ஊருக்கு வந்த ஆள் ஊருக்குச் சொந்தம். அதுதானே வழக்கம்," என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. உனக்கு வேணும்னா நீயே எடு. இந்தக் கடல் ஆள உட்டுடு. முதல் உரிமை உனக்குத்தான்."

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, உன் இஷ்டம்," என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். புத்தகம் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. பாங்க்காரர் நாங்கள் என்னவோ சொத்துத் தகராறு பண்ணுகிற மாதிரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொள் என்றுதான் மனசுக்குள் சொன்னேன். எடுத்துக்கொண்டால் வேறு ஏதாவது தம்பியைப் போட்டுக்கொள்வேன்.

"வச்சுக்கட்டும்," என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

விளையாட்டு தொடங்கியது. அவர்கள் மூன்று பேரும் ஆற்றங்கரைக் கடைக்கு வருகிறார்கள். கேடயக்காரன் செத்த செய்தியைச் சொல்லவேண்டும். யார் சொல்வது என்று சார் கேட்டார். அவள்தான் சொன்னாள், மெதுவாக. "ஐயா, உங்க தம்பி குகையில இறந்துட்டார்."

"எப்படி?" என்று கேட்டேன், கோடாலிக்காரனாக.

"இன்னொருத்தர் அடிய வாங்கிட்டார்."

நான் மேசைமேல் இலை போடுகிற மாதிரி கையை வீசினேன். "சாப்ட்டுப் போங்க," என்றேன்.

"டேய், அவன் அப்படிப் பேசமாட்டான்டா," என்றான் தெருக்காரன். முகம் சிவந்திருந்தது. "கத்துவான் அவன். கடையவே ஒடச்சுப் போட்டுடுவான்."

"கத்தமாட்டான்."

"எனக்குத் தெரியாதா? என் ஆளுடா!"

"அவன் கடை வச்சப்புறம் நீ ஒரு நாள் எட்டிப் பாத்தியா?" என்றேன்.

சார் என் பக்கம் பகடையைத் தள்ளினார். எடுத்து உருட்டினேன்.