விரதம் இருந்த பூனை

என் பூனைக்குப் பெயர் கிடையாது. "டேய்" என்றால் வருவான். மனைவி இறந்து போன பிறகு, இந்த பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் நான் வாய் திறந்து பேசுவதே அந்த ஒரு சொல்தான். சில நாள் அதுவும் இல்லை.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டுக்குள் மீன் வராது. அது மனைவி போட்ட சட்டம். அவள் இருந்தபோது போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டுகிற சாக்கில் வெளியே கோழி தின்றவன், அவள் இல்லாதபோது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல! மற்ற மாதங்களில் பூனைக்குக் கெம்போங் மீன் அவித்துப் போடுவேன். புரட்டாசியில் கடைத் தீனிதான். வருடா வருடம் இரண்டு நாள் முறைப்பான், அப்புறம் தின்பான்.

இந்த வருடம் முறைப்பு நீண்டது. கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போனான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கீழ்வீட்டு அம்மாவிடம், "எங்க வீட்டுப் பூனையும் விரதம் லா" என்று பெருமையடித்தேன். "உங்களவிட அதுக்குத்தான் பக்தி அதிகம் அங்கிள்" என்று அவர் சிரித்தார். ஒருவரைச் சிரிக்க வைத்த சந்தோஷத்தோடு படியேறினேன்.

ஆனால் குளியலறை வாளியருகே அவன் அடிக்கடி உட்கார்ந்து தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தான். வெயிலுக்கு என்று நினைத்தேன். ஐஸ்பெட்டி மேல் தாவி ஏறுகிறவன், கீழிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுப் படுத்தான். வயசாச்சு, எனக்கும்தான் முட்டி வலிக்கிறது என்று விட்டுவிட்டேன். நாளெல்லாம் உடம்பை நக்கி மினுக்குகிற பகட்டுக்காரனுக்கு முதுகு முடி சிக்கு விழுந்து கிடந்தது. அதைத் தடவியபோது எலும்பு கையில் தட்டியது. "டேய்" என்றேன். வரவில்லை. காது மட்டும் அசைந்தது.

செமினியில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்பா. பூனைதானே, அப்புறம் பாக்கலாம்" என்றாள். பூனைதானாம்! கூடையில் துண்டை விரித்து அவனைப் படுக்க வைத்து, டாக்சி பிடித்து நானே மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் நம்ம தமிழ்ப் பிள்ளைதான். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், இரத்தம் எடுத்தாள். "தண்ணி நெறைய குடிச்சிச்சா அங்கிள்?"

"குடிச்சான். சாப்பிடாததுக்கு நான் விரதம்னு நெனச்சேன்மா."

அவள் சிரிக்கவில்லை. "கிட்னி அங்கிள். பூனைங்க வலிய வெளிய காட்டாது. மருந்து தரேன், ஆனா சாப்பிடணும். சாப்பிடலைன்னா தாங்காது. இப்போதைக்கு அதுக்குப் புடிச்சத குடுங்க."

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. மீன் பாசாருக்குப் போய்க் கெம்போங் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். வாசம் படிக்கட்டு வரை போயிருக்க வேண்டும். கீழ்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். "ஐயோ அங்கிள், சனிக்கிழமை அதுவுமா!"

"வீட்ல ஒருத்தன் சாப்பிடணும்மா" என்று கதவைச் சாத்தினேன்.

முள்ளெடுத்து, மசித்து, விரலில் வைத்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "டேய், ஒரே ஒரு வாய்டா" என்று தரையில் உட்கார்ந்து கெஞ்சினேன். கட்டியவளிடம்கூட நான் இப்படிக் கெஞ்சியதில்லை. வெகு நேரம் கழித்து அந்தச் சொரசொரத்த நாக்கு விரலில் பட்டது. அழுதுவிட்டேன்.

சாமி அலமாரியிலிருந்து பெருமாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோபம் வந்தால் வரட்டும். அவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. எனக்கு இவன் ஒருத்தன்தான்.