கரைய மறுத்த வெண்காரம்

மெட்டால் என்று ஒரு தூள் இருக்கிறது. கறுப்பு வெள்ளை பிலிம் கழுவும் மருந்தில் அதுதான் முதல் சாமான். பார்த்தால் சாது, அரிசிமாவு போல இருக்கும். தண்ணீரில் போட்டால்தான் அதன் குணம் தெரியும். முதல் தடவை நான் சல்பைட் உப்பை முந்திக் கரைத்துவிட்டு அதன் மேல் மெட்டாலைக் கொட்டினேன். அது கரைவேனா என்று மிதந்தது. கலக்கினேன், சூடாக்கினேன், திட்டினேன். கடைசியில் திரைந்த பால் மாதிரி ஆகிப்போன அந்தத் தண்ணீரைக் கழிவுக் கானில் ஊற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

எனக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். பதுளையில் ஒரு பள்ளிக்கூட விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். டீச்சர்மார் கேட்டதைக் கலந்து கொடுப்பது, பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது, இவ்வளவுதான் என் விஞ்ஞானம். பிலிம் கழுவவெல்லாம் எனக்கு ஆசை இருந்ததே கிடையாது. மதினிக்காகத்தான் இதில் இறங்கினேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அண்ணனுக்கு எல்ல என்கிற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வேலை. அங்கே தங்கிப்போன ஒருவர் தன் பழைய பிலிம் கமராவை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார், உள்ளே கறுப்பு வெள்ளைச் சுருளோடு. அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் மகளைப் படம் எடுத்தார். பாட்டரி தீர்ந்ததும், டவுனில் வாங்கிப் போட்டு வை என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கிழமைதான் மண்சரிவு வந்தது.

விடியற்காலையில் வந்தது. மதினி பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிள்ளை வீட்டுக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு வயது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தின் பாதியை மண் கொண்டுபோனது. மதினியின் போன், சுவரில் மாட்டியிருந்த படம், பிள்ளையின் முதல் பிறந்தநாள் அல்பம் எல்லாம் அதோடு போயிற்று. மிஞ்சியது யாரோ எடுத்த கோயில் திருவிழாப் படம் ஒன்று. அதில் பிள்ளையின் அரைக் கன்னமும் ஒரு ரிப்பனும் இருக்கின்றன.

பல மாதம் கழித்து மதினி என்னிடம் ஒன்று சொன்னார். சொன்ன விதம், அடுப்புக்கு விறகு இல்லை என்று சொல்வது போலத்தான் இருந்தது.

"கண்ண மூடுனா புள்ள மொகம் வருது தங்கச்சி. ஆனா மண்ணுல இருந்து எடுத்துக் கழுவி வச்ச மொகந்தான் வருது. கண்ணு தொறந்திருக்கிற மொகம் வரவே மாட்டேங்குது. எப்பிடி முழிப்பா, எப்பிடி சிரிப்பான்னு எவ்வளவு யோசிச்சாலும் வரல. பெத்தவளுக்கே மறந்துருச்சுன்னு வெளிய சொல்ல முடியுமா?"

அன்றைக்குத்தான் கமரா என் அலுமாரியில் கிடப்பதைச் சொன்னேன். உடனே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அதை அந்த வீட்டைவிட்டு வெளியே விட மறுத்துவிட்டார். கொழும்புக்கு அனுப்பலாம் என்றேன். "வழியில தொலைஞ்சா?" என்றார். பதுளைக்காவது கொண்டுபோய் என் அறையில் கழுவுகிறேன் என்றேன். "நீ இங்க வந்து கழுவு" என்றார். தலைவலி எனக்குத்தான்.

அண்ணன் இதில் கலந்துகொள்ளவே இல்லை. "செய்யிறத செய்ங்க" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆய்வுகூடச் சாமான் அறையில் பிலிம் கழுவும் டாங்க் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. அதிபரிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். மெட்டாலும் சல்பைட்டும் ஹைட்ரோகுயினோனும், படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவும் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். போராக்ஸ் என்கிற வெண்காரத்துக்கு மட்டும் அலைய வேண்டியிருக்கவில்லை. பதுளை பஸாரில் மருந்துச் சரக்கு விற்கிற நானா, "யாருக்கும்மா வாய்ப்புண்ணு?" என்று கேட்டுக்கொண்டே கட்டிக் கொடுத்தார். படம் கழுவ என்று சொன்னால் நம்பமாட்டார் என்று, எனக்குத்தான் என்றேன்.

முதல் கலவை கானுக்குப் போனதும் மெட்டாலில் பாதி போயிருந்தது. மிச்சம் ஒரு தடவைக்குத்தான் காணும். இந்த முறை எழுதியிருந்ததை ஒழுங்காகப் படித்தேன். சல்பைட்டில் ஒரு சிட்டிகை முதலில், பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகே மிச்சச் சல்பைட். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கலந்து கொண்டுபோனால் பஸ் குலுக்கலில் கெட்டுவிடும் என்று, எல்லாவற்றையும் நிறுத்துத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மதினி இப்போது இருப்பது வேறொரு லயத்தில், யாரோ விட்டுப்போன காம்பராவில். போய்ச் சேரும்போது மழை. விறகெல்லாம் ஈரம். அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டு நான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு போனால், மதினி அதில் தேயிலையைப் போட்டு மூடிவிட்டிருந்தார்.

"என்னா மதினி, அது மருந்துக்கு வச்ச தண்ணி!"

"வந்த ஆளுக்கு மொதல்ல ஒரு வாய் தேத்தண்ணி குடுக்க வேணாமா? கொதிச்ச தண்ணியப் பாத்தா கை தானா போயிருது." அவருக்கே சிரிப்பு வந்தது. மறுபடி தண்ணீர் வைத்தோம். மறுபடி புகை.

தண்ணீர் சுட்டதும் பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றி வேலையைத் தொடங்கினேன். சிட்டிகைச் சல்பைட் போட்டேன். மெட்டாலைத் தூவித் தூவிக் கலக்கினேன். மரக்கரண்டியால் அடித்துக் கலக்கக் கூடாது, காற்றுப் புகுந்தால் மருந்து கெட்டுவிடும். மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை கடுத்தது. அது கரைந்து தண்ணீர் தெளிந்தபோது எனக்கே ஆச்சரியம். பிறகு சல்பைட், அது ஜக்கின் அடியில் கட்டியாக உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பிக் கரைத்தால் ஹைட்ரோகுயினோன், ஊசி ஊசியாக மேலே மிதந்துகொண்டு கீழே இறங்கவே மாட்டேன் என்றது. அந்தக் குளிரில் தண்ணீர் வேறு கண்முன்னே ஆறிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முரண்டு. சீச்சீ, மனிதரோடு மாரடிப்பதே தேவலாம் என்று தோன்றியது.

கடைசியாக வெண்காரம். மழைக்குப் பொட்டலம் ஈரமாகிக் கட்டி கட்டியாக இருந்தது. கோப்பைக்கு அடியில் வைக்கிற ஒரு பீரிசில் கொட்டிக் கரண்டியால் நசுக்கி வைத்தேன். இடுப்பு நிமிரவில்லை, கொஞ்சம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

எங்கள் ஆட்கள் வெறுந்தேத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்குவது குறைவு. சீனியைத் தனியாகப் பீரிசில் வைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்போம். மதினி எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் ஒரு பீரிஸ் சீனியும் கொண்டுவந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார். இடம் போதாமல் மற்றப் பீரிசைத் தன் கோப்பைப் பக்கம் நகர்த்தியிருக்கிறார். நான் கண்ணைத் திறந்தேன், பக்கத்தில் இருந்த பீரிசை எடுத்தேன், ஜக்கில் தட்டினேன்.

இரண்டு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. கரைந்துவிட்டது. அடேங்கப்பா, ஒன்றாவது சொன்ன பேச்சு கேட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரம் பார்த்து மதினி உள்ளங்கையை நக்கியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசல் இஸ்தோப்புக்கு ஓடித் துப்பினார்.

"என்னா தங்கச்சி இது, சீனி சவுக்காரமா இருக்கு!"

நான் ஜக்கை எட்டிப் பார்த்தேன். இருந்த ஒரே மருந்தில் ஒரு பீரிஸ் சீனி. அந்த நிமிஷம் மதினி மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "இத ஏன் இங்க வச்சீங்க? ஒரு நாளைக்குத் தேத்தண்ணி குடிக்காட்டி செத்தா போவோம்?" என்று கத்திவிட்டேன். அவர் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து ஜக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "கெட்டுப்போச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் கரண்டியைக் கீழே வைத்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிப்போயிற்று.

சீனி மருந்தைக் கெடுக்குமா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்றும் செய்யாது என்று மனது சொன்னது, ஆனால் மனது சொல்வதை நம்பி அந்தச் சுருளை எப்படிப் போடுவது? வெண்காரத்தையும் சேர்த்துவிட்டுச் சோதித்துப் பார்ப்போம் என்று மிச்சம் இருந்ததை ஜக்கில் போட்டேன். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. வெண்காரம் மணலாய் அடியில் கிடந்தது. கரையாமல் ஒரு பரல் பிலிமில் ஒட்டினாலும் அந்த இடம் பாழ். ஜக்கைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்துக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் கை செத்துப்போயிற்று.

"குடு" என்று மதினி கரண்டியை வாங்கிக்கொண்டார். "அடிக்கக் கூடாது, சுத்தணும், அவ்வளவுதானே."

சுற்றினார். சட்டித் தண்ணீர் ஆற ஆற நான் மாற்றி ஊற்றினேன். அவர் நிறுத்தவே இல்லை. "இந்த வெங்காரத்தத்தான் பொரிச்சுத் தேன்ல கொழைச்சு அவ நாக்குல தடவுனேன்" என்றார் ஒரு தடவை. "கடிச்சு வச்சா வெரல." கடைசிப் பரலும் காணாமல் போனபோது வெளியே மழை விட்டிருந்தது.

மருந்தை ஒரு மெல்லிய சீலைத் துண்டில் வடிகட்டினேன். சுருளின் வெளி நுனியில், வெளிச்சம் பட்டு, படம் விழாத பகுதி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி மருந்தில் போட்டேன். மருந்து நல்லதென்றால் அது கறுக்க வேண்டும். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சாம்பல். பிறகு கறுப்பு. "கறுக்குது, கறுக்குது" என்று மதினி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மிச்சம் தடங்கல் இல்லாமல் நடந்தது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போட்டுக்கொண்டு போகிற கம்பளி இரண்டைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, அந்த இருட்டில் சுருளை டாங்கில் ஏற்றினேன். கழுவி எடுத்து இஸ்தோப்புக் கொடியில் தொங்கவிட்டேன். படங்கள் இருந்தன. கட்டம் கட்டமாக, கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி. காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் போனில் எடுத்து, நிறத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

தேயிலைச் செடி, நாய், மதினியின் கூடை. பிறகு பிள்ளை. ஆனால் எந்தப் படத்திலும் முகம் தெளிவாக இல்லை. ஓடிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கொண்டிருந்தாள், குதித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கமராவும் புதிது, அவளும் ஒரு இடத்தில் நிற்கிறவள் இல்லை. எல்லாம் இழுபட்டுக் கலங்கிக் கிடந்தன. எனக்கு மனது விட்டுப்போயிற்று. கடைசிக்கு முந்தின கட்டத்தில் ஒன்று மட்டும் கண்ணாடி போல இருந்தது. புருவத்தில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

"மதினி, இங்க பாருங்க! எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாருங்க!"

வாங்கிப் பார்த்தார். பிள்ளை பாயில் கன்னத்தின் கீழ் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இது வேணாம் தங்கச்சி" என்றார். "இதத்தான் நான் தெனமும் பாக்குறேனே."

போனை என்னிடம் திருப்பித் தரவில்லை. தானாகவே ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஒன்றில் நிறுத்தினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிள்ளை கமராவை நோக்கி ஓடிவருகிற படம் அது. வாய் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்பு, கண் இருக்கிற இடத்தில் இரண்டு கோடுகள்.

"இந்தா, இதுல முழிச்சிருக்கா."

"அது கலங்கியிருக்கு மதினி. பிரேம் போட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"யாருக்குத் தெரியணும்?" என்றார். "எம்புள்ள எப்ப சும்மா நின்னுச்சு?"

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் முற்றத்தில் ஓடும்போதெல்லாம் எந்தக் குரலில் அதட்டுவாரோ அதே குரலில், "ஏய், மெதுவாடி, விழுந்துருவ" என்றார்.